மூன்றாம் மிதவை

ஆய்வுக் குடில், டிஸ்கோ விரிகுடா
1998 டிசம்பர் 8

அன்புள்ள சாலிக் அண்ணாவுக்கு,

தங்கை அவியாக் எழுதுவது. ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது, வயிற்றில் இருப்பது உதைக்கிறதா என்பதை முதலில் எழுது. மற்ற கதையெல்லாம் அப்புறம்.

நீ நாய்வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடல் பனிமேல் நட்டுத் தந்த நான்கு மிதவைகளும் பேச ஆரம்பித்துவிட்டன. தாங்கள் எங்கே இருக்கிறோம், எத்தனை குளிர் என்பதைச் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. அது தலைநகர் நூக்கில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தபால் ஹெலிகாப்டரில் எனக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகிவிடுகிறது. அதுவரை இங்கே பனியைத் துளைத்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். உடன் இருக்கும் டேனிஷ்காரர் நல்லவர், ஆனால் சீல் மாமிசத்தை வேகவைத்தே கொன்றுவிடுகிறார்.

கடல் இந்த வருஷம் எவ்வளவு தாமதமாக உறைந்தது என்று பார்த்தாயல்லவா. அதனால்தான் பனி முடிந்து கடல் தொடங்கும் விளிம்போரம் நட்ட மூன்றாவது மிதவை எனக்கு முக்கியம். தலையில் பனி மூடிக்கொண்டால் அதற்கு வாய் கட்டிவிடும். அந்தப் பக்கம் சீல் வேட்டைக்குப் போனால் கையால் துடைத்துவிட்டுப் போ. அதற்கென்று தனியாகப் போகவேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லு.

உன் அவியாக்


குல்லோர்சுவாக்
1998 டிசம்பர் 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணி சுகம். அவள் வயிறு சுகம். உள்ளே இருப்பது உதைப்பதைப் பார்த்தால் அதுவும் சுகம். நான் சுகம். நாய்கள் மட்டும் இளைத்துப் போயின. பனி இன்னும் சரியாகக் கட்டவில்லை, தூண்டில் போடும் இடத்துக்குச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது, மீன் குறைவு.

உன் மூன்றாவது மிதவையைப் பார்த்தேன். தின்னாமல், குரைக்காமல் நாள் முழுக்க நிற்கிறது. இப்படி எட்டு நாய் எனக்குக் கிடைத்தால் நான் பணக்காரன். தலையைத் துடைத்துவிட்டேன்.

ஊர்ச் சேதி ஒன்று. நம் அம்மா நேற்று என்னைப் பனி உருண்டையால் அடித்தாள். உபதேசியார் கிதியோனின் குட்டிப் பெண்ணுக்கு நாலு வயதாகிவிட்டது. நம் அம்மா இறந்த மாதமே பிறந்து அவள் பெயரையும் வாங்கிக்கொண்டவளாயிற்றே, உரிமையை விடுவாளா? நடுத்தெருவில் என்னை நிறுத்தி, "டேய், தொப்பி எங்கடா? காது விழுந்துரும்" என்கிறாள். என் சிநேகிதன் ஓட்டோ அங்கேயே உட்கார்ந்து சிரித்தான். நான் என்ன செய்வது, "சரிம்மா" என்று வீட்டுக்குப் போய்த் தொப்பி போட்டுக்கொண்டு வந்தேன்.

நம் குழந்தைக்கு யார் பெயரை வைப்பது என்று தபிதா கேட்கிறாள். இந்த வருஷம் ஊரில் ஒரு சாவுகூட இல்லை, பெயருக்கு எங்கே போவேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கர்ப்பிணிக்கு எதைச் சொன்னாலும் குற்றம்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீல் மாமிசத்தை நீயே சமை.

சாலிக்


குல்லோர்சுவாக்
1999 ஜனவரி 31

அவியாக்,

தபிதா எழுதுகிறேன். நான் எழுந்து நடமாடுகிறேன். வயிற்றிலிருப்பது அசைகிறது. உன் உடம்பு நன்றாக இருக்கவேண்டும்.

ரேடியோவில் உனக்குச் சேதி வந்திருக்கும். அதில் வராததைச் சொல்கிறேன். உன் அண்ணனும் ஓட்டோவும் இருபதாம் தேதி பனி விளிம்புக்குப் போனார்கள். திரும்பும்போது நிலத்துப் பக்கமிருந்து சூடான காற்று எழும்பிவிட்டது. பனி வெடித்துப் பிளந்தது. ஓட்டோ இந்தப் பக்கம் குதித்தான். உன் அண்ணன் அந்தப் பக்கம் நாய்களோடு நின்றுவிட்டார். "கை காட்டுனான் தபிதா. பயந்த மாதிரி தெரியல. கொஞ்ச நேரத்துல இருட்டுல மறைஞ்சுட்டான்" என்கிறான்.

நாலு நாள் காற்று ஓயவில்லை. அதற்குப் பிறகுதான் ஹெலிகாப்டர் வந்தது. இரண்டு நாள் சுற்றிவிட்டு ஒன்றும் காணோம் என்று போய்விட்டார்கள். அவர்கள் தப்பான இடத்தில் தேடினார்கள். அவர் நின்ற பனிப்பாளம் நம் ஊர் அகலம் இருந்தது என்கிறான் ஓட்டோ. வண்டியில் அடுப்பு இருந்தது, துப்பாக்கி இருந்தது, இரண்டு சீல் இருந்தன, எட்டு நாய்கள் இருந்தன. ஒரு மனிதன் சாவதற்கு இதெல்லாம் எதற்கு?

உன் மூன்றாவது மிதவையும் அதே பாளத்தில்தான் போயிருக்கிறது. அது இப்போது எங்கே இருக்கிறது? கடை ஃபோனில் பேசினால் ஊரே நின்று கேட்கும். நீ எனக்கு எழுது.

தபிதா


ஆய்வுக் குடில்
1999 பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? எனக்கு இரண்டும் சரியாக இல்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உடனே ஓடி வரவேண்டும் என்றுதான் இருக்கிறது. ஹெலிகாப்டரில் இடம் இல்லை என்கிறார்கள். இங்கே இரண்டே பேர். டேனிஷ்காரரைத் தனியாக விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

மிதவையைக் கேட்டிருந்தீர்கள். நூக்கிலிருந்து கணக்கு வந்தது. மூன்றாவது மிதவை கரையைவிட்டு நேர் மேற்கே போய்க்கொண்டிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது வெகுதூரம் போயிருந்தது. அங்கே நீரோட்டம் மேற்கே போய்ப் பிறகு தெற்கே திரும்பும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கம்பளி நூல் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன், குழந்தைக்கு. உங்களைத் தனியாக இருக்கவிடவேண்டாம் என்று ஓட்டோ வீட்டாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அவியாக்


குல்லோர்சுவாக்
1999 மார்ச் 3

அன்புள்ள அவியாக்,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு தட்டு சாப்பிட்டேன். உடம்பு தேறியிருக்கிறது. உனக்கும் தேறட்டும்.

மேற்கே என்று எழுதியிருந்தாய். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். மேற்கே போனால் அக்கரை. அங்கேயும் நம் மனிதர்கள்தான், நம் பேச்சுதான், கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். பனிப்பாளத்தில் போனவர்களை அக்கரைக்காரர்கள் இறக்கிச் சோறு போட்டு வைத்திருந்து, அடுத்த வருஷம் அனுப்பிய கதை என் அப்பா பக்கத்தில் உண்டு. அங்கே ஃபோன் இல்லாத முகாம்கள் எத்தனையோ இருக்கும். கரைக்குப் போய்ச் சேர்ந்தவர் முதலில் நாய்களுக்குத் தீனி தேடுவார், அப்புறம்தான் ஃபோன் தேடுவார். உனக்குத் தெரியாதா அவரை.

குளிர்கால இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வந்த அன்று, அதைப் பாடி வரவேற்க ஊரே குன்றுக்குப் போனது. நானும் ஏறினேன். என்னைப் பார்த்துப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்துகிறீர்கள், பாடுங்கள் என்றேன். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னைத் தவிர எல்லோரும் அவரைப் புதைத்துவிட்டார்கள்.

அவருக்குப் புதுசாக சீல் தோல் பூட்ஸ் தைக்கிறேன். பழையது நைந்துதான் போயிருக்கும். மிதவை இப்போது தெற்கே திரும்பியிருக்கிறதா? அடுத்த தபாலில் எழுது.

உன் தபிதா


குல்லோர்சுவாக்
1999 மார்ச் 22

அன்புள்ள அவியாக்,

உன் பதில் வரவில்லை. காத்திருக்க நேரமில்லாமல் குழந்தை வந்துவிட்டது. ஆண் குழந்தை. நான் நன்றாக இருக்கிறேன், பால் இருக்கிறது. மூக்கு உங்கள் வீட்டு மூக்கு.

ஊர் முழுக்கக் காபி குடிக்க வந்தது. வந்தவர்கள் குழந்தையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், யாரும் பெயரைக் கேட்கவில்லை. கேட்காததுதான் எரிச்சலாக இருந்தது. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குழந்தைக்கு அப்பா பெயர் வைக்கமாட்டேன். அப்பா உயிரோடு இருக்கும்போது அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் அப்பாவைக் கொன்றதாகும். ஆகவே பெயர் இல்லாமல் இருக்கிறான்.

அழுகிறான். பால் குடித்தும் அழுகிறான், தூக்கினாலும் அழுகிறான். மருத்துவச்சி பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். அப்புறம் வாசலில் நின்று ரொம்பத் தயங்கி, "தனக்கு உண்டான பேரக் கேக்குறான் தபிதா. நீயும் கேளேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கொண்டுவந்த மீனை நான் தொடவில்லை.

உபதேசியார் கிதியோன் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார். அவர் நல்லவர், அவசரப்படுத்தமாட்டார்.

ஹெலிகாப்டரில் உனக்கு இடமில்லை என்று எழுதினாய். தபால் பைக்கு இடம் இருக்கிறதல்லவா. மிதவை எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

உன் தபிதா


ஆய்வுக் குடில்
1999 ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. ஆண் குழந்தை என்று வாசித்தபோது சத்தமாக அழுதேன். டேனிஷ்காரர் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். நீங்கள் நன்றாகச் சாப்பிடவேண்டும், பால் கொடுக்கிற உடம்பு.

இங்கே வேலை அதிகம். பனியின் அடியில் இந்த வசந்தத்தில் பழுப்புப் பாசி மெல்லியதாகத்தான் படிந்திருக்கிறது. பனி மெலிந்தால் பாசிக்கு ஒட்ட இடமில்லை. பாசி இல்லாவிட்டால் கூனி இறால் வராது, கூனி வராவிட்டால் அதைத் தின்னும் சின்ன மீன் வராது, மீன் இல்லாத இடத்தில் சீலுக்கு என்ன வேலை? அண்ணன் சொன்ன இளைத்த நாய்கள் இந்தப் பாசியிலிருந்துதான் இளைக்கின்றன. இதையெல்லாம் எழுதி நூக்குக்கு அனுப்பினேன்.

ஒன்றாவது, இரண்டாவது மிதவைகள் ஊர்ப்பக்கத்திலேயே நிற்கின்றன. நான்காவது கொஞ்சம் வடக்கே நகர்ந்திருக்கிறது.

குழந்தைக்குக் குல்லாய் பின்னியிருக்கிறேன். அளவு தெரியாததால் இரண்டு அனுப்புகிறேன்.

உங்கள் அவியாக்


குல்லோர்சுவாக்
1999 ஏப்ரல் 20

அவியாக்,

நான் நன்றாக இருக்கிறேன். அவனும். பெரிய குல்லாய் சரியாக இருக்கிறது.

பாசியைப் பற்றி எழுதினாய், கூனியைப் பற்றி எழுதினாய். ஒன்று, இரண்டு, நாலு என்று எண்ணினாய். எனக்கும் எண்ணத் தெரியும்.

இங்கே நடப்பதைக் கேள். ஓட்டோவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அவளுக்குச் சாலிக் என்று பெயர் வைக்கப்போகிறானாம். பெண்ணுக்கு ஆண் பெயரா என்று நம் ஊரில் யார் கேட்பார்கள்? நேரே என் வீட்டுக்கு வந்தே சொன்னான், அந்த மரியாதை அவனிடம் இருக்கிறது. நான் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே, "பேரு ஒருத்தர் மேலயும் ஏறாம அவன் எத்தன நாள்தான் வெளியில குளிர்ல நிப்பான்? நீ உள்ள கூப்பிட மாட்டேங்குற. நானாவது கூப்பிடுறேன்" என்றான். வாசலைக் காட்டினேன். போய்விட்டான்.

உபதேசியாரிடம் போய், தடுத்து நிறுத்துங்கள் என்றேன். அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? "சாலிக் உயிரோட இருக்கான்னு சொல்ல ஒரு சாட்சி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அது நீதான். படித்தவள், மிதவையை வைத்தவள். மூன்றாவது மிதவை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. போதும். ஓட்டோ வேறு பெயர் பார்த்துக்கொள்வான்.

உன்னிடம் சொல்லவேண்டாம் என்று இருந்தேன், இப்போது சொல்கிறேன். அன்றைக்குக் காற்று எழும்பியதும் இரண்டு பேரும் வீட்டுப்பக்கம்தான் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் உன் மிதவைமேல் பனி ஏறியிருந்தது. துடைத்துவிட்டு வருகிறேன் என்று உன் அண்ணன் மட்டும் வண்டியைத் திருப்பினார். ஓட்டோ காத்து நின்றான், அவர் துடைத்துவிட்டு அவனிடம் வந்து சேர்ந்தபோதுதான் பனி பிளந்தது. அவர் உனக்காகத் திரும்பினார். நீ அவருக்காக ஒரு வரி எழுது.

தபிதா


ஆய்வுக் குடில்
1999 மே 4

அன்புள்ள சாலிக் அண்ணாவுக்கு,

உனக்கு இப்போது ஏழு வாரம் ஆகிறது. இந்தக் கடிதத்தை அண்ணி உனக்கு வாசித்துக் காட்டுவாள். பால் நன்றாகக் கிடைக்கிறதாம், பெரிய குல்லாய் சரியாக இருக்கிறதாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். அண்ணியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் எப்போதும் எதையும் சொல்ல முடிந்திருக்கிறது.

மூன்றாவது மிதவை நகரவில்லை. நீ அதைத் துடைத்தபிறகு நாலாம் நாள் அது நின்றுவிட்டது. கரையிலிருந்து வெகுதூரத்தில், காற்று உச்சத்தில் இருந்தபோது. அது குளிரையும் சொல்லும் என்று உனக்குத் தெரியும். அதுவரை காற்றின் குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியாக அது சொன்னது கடல்நீரின் குளிர். பிறகு பேசவில்லை. பாளம் பெரிதுதான், ஆனால் மெலிந்தது. வெளிக்கடலின் அலை அதை உடைத்துவிட்டது. அக்கரைக்குப் பாதிகூடப் போகவில்லை. அண்ணி கேட்டபோது, கடைசியாகப் பார்த்தபோது மேற்கே போனது என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை, அத்தனையும் பொய். இந்தக் கணக்கு பிப்ரவரியிலேயே என் கைக்கு வந்துவிட்டது. ஹெலிகாப்டரில் இடமும் இருந்தது. அண்ணியின் முகத்துக்கு முன்னால் நிற்க முடியாமல்தான் நான் வரவில்லை.

நீ தப்புச் செய்யவில்லை அண்ணா. ஜனவரியில் அந்த இடத்தில் நடக்கலாம் என்பது நீ சின்ன வயதிலிருந்து அறிந்தது. ஜனவரிதான் மாறிவிட்டது. அது மாறுகிறது என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். தெரிந்திருந்தும் ஒரு மிதவையை விளிம்பில் வைத்து, போகிற வழியில் துடைத்துவிடு என்று உன்னிடம் சொன்னேன். தனியாகப் போகவேண்டாம் என்றும் எழுதினேன், அதை எழுதியதால் என் மனசு ஆறவில்லை.

உபதேசியாருக்கு நான் வேறு கடிதம் எழுதவில்லை. இதுதான் என் சாட்சி. அண்ணி இதை அவரிடம் காட்டட்டும், காட்டாமல் அடுப்பில் போட்டாலும் சரி. வெளியில் நின்றது போதும், உள்ளே வா அண்ணா. உனக்கு ரொம்பக் குளிர்ந்திருக்கும்.

உன் தங்கை
அவியாக்


குல்லோர்சுவாக்
1999 மே 25

அவியாக்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தில் முதல் வரியை வாசித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். அதற்குமேல் வாசிக்க எதுவும் இல்லை. காபி போட்டேன், குடிக்கவில்லை. குழந்தை எழுந்தபிறகு மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமாக வாசித்தேன். நீ அவருக்குத்தானே எழுதியிருந்தாய்.

என்மேல் இரக்கப்பட்டு மறைத்ததாக நினைத்துக்கொள்ளாதே. அந்தச் சேதியை எழுதுகிற கை உன்னுடையதாக இருக்கக்கூடாது என்று பார்த்தாய். அதற்காக மூன்று மாதம் நான் பைத்தியக்காரி மாதிரி அக்கரையைப் பார்த்துக்கொண்டு பூட்ஸ் தைத்தேன். ஊரோடு சண்டை போட்டேன். பச்சைக் குழந்தையைப் பெயர் இல்லாமல் அழவிட்டேன். இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று ஞானஸ்நானம் நடந்தது. பெயரை உபதேசியார் கேட்டார், நான் சொன்னேன். குரல் வந்தது. ஓட்டோ தன் பெண்ணுக்கு வேறு பெயர் வைத்துவிட்டான். நான் கேட்காமலே விட்டுக்கொடுத்தான்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குக் காபிக்கு வந்து, ஒவ்வொருவராகக் கை கொடுத்து, "வா சாலிக், வந்துட்டியா" என்றார்கள். ஓட்டோ கடைசியாக வந்தான். முட்டிபோட்டு அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டான். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் இந்தப் பக்கம் குதிச்சப்போ திரும்பி உனக்குக் கை நீட்டியிருக்கணும். எட்டுற தூரந்தான். பயத்துல நீட்டல. மன்னிச்சுக்கடா" என்றான். இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. உன் அண்ணன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். அது போதும் என்று ஓட்டோ எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி வாங்கிக் குடித்தான்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. எப்போது தீரும் என்று எனக்கே தெரியாது, தீரும் என்று உனக்கு வாக்கும் கொடுக்கமாட்டேன். ஆனால் உன் அண்ணனுக்கு உன்மேல் கோபம் அரைநாள்கூட நின்றதில்லை. பனி உருகிக் கடல் திறந்ததும் முதல் படகில் கிளம்பி வா. என்னிடம் ஒன்றும் பேசவேண்டாம். நேரே அவரிடம் போய்க் கேள்.

தபிதா, சாலிக்